ஐம்பதிலும் வளையும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் நாட்டுப் பழமொழி. பிள்ளைகளைத் திருத்துவதற்கென்று பெரியோர் சொல்லிவைத்த இச்சொல்லை, இன்று பிள்ளைகள் பெரியோரை நோக்கியே திருப்பிவிட்டார்கள். அறுபதைக் கடந்த தந்தை வர்ணப் பெட்டி ஒன்று வாங்கித் தரும்படி கேட்டால், "இந்த வயதில் இதெல்லாம் எதற்கப்பா?" என்கிறான் மகன். எழுபதைக் கடந்த தச்சர் உளியைக் கையில் எடுத்தால், "பேசாமல் உட்காருங்கள் தாத்தா, கையை வெட்டிக்கொள்ளப் போகிறீர்கள்" என்கிறாள் பேத்தி. அன்பினால் எழும் சொற்களே இவை. ஆயினும், அன்பினாலும் ஒருவருடைய கையைக் கட்டிப்போட முடியும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி, நம் நாட்டில் அறுபது வயது நிரம்பியோர் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர். தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர் முதியோர். அதற்குப் பின் அவர்கள் தொகை கூடியதேயன்றிக் குறையவில்லை. இளையோர் பெங்களூருக்கும் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றுவிட, ஊரில் எஞ்சியிருப்போர் பெரியவர்களே. அவர்களுக்கு உணவும் மருந்தும் கிடைத்தால் போதும் என்று எண்ணிவிடுகிறோம். அவர்களுடைய கைக்கு என்ன வேலை வைத்திருக்கிறோம் என்று கேட்போர் அரியர். ஓவியமும் சிற்பமும் பின்னல் வேலையும் முதுமைக்கு என்ன தரக்கூடும்? அவற்றைப் பொழுதுபோக்காக மட்டுமன்றி, மதிப்பும் ஊதியமும் உள்ள தொழிலாகவும் கொள்ள இயலுமா? இவ்விரு கேள்விகளையும் குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து சிந்திக்க வேண்டுகிறோம்.

நம் மண்ணின் உளியோசை

மணலூர்பேட்டை தென்பெண்ணையின் கரையில் அமைந்த ஊர். தை மாதம் ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் இவ்வாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் விழாவை, சமய வேறுபாடின்றி இவ்வட்டாரத்தார் எல்லாரும் அறிவர். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, திருக்கோவிலூர் வட்டத்தோடு இவ்வூரும் அதில் சேர்ந்தது.

இம்மாவட்டத்திற்கு இன்னொரு பெருமையும் உண்டு. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டங்களில் மரச்சிற்பத் தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. மன்னராட்சிக் காலத்தில் மதுரைப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த சிற்பியர் இக்கலையைக் கொண்டுவந்தனர் என்பது வழிவழிச் செய்தி. வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் தெய்வ உருவங்கள், கதவுப் பலகைகள், தேர்ச் சிற்பங்கள் ஆகியவற்றை இவர்கள் செதுக்குகின்றனர். 2021-இல் "கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்" புவிசார் குறியீடு பெற்றது. அதாவது, இப்பெயரைச் சொல்லி விற்கும் உரிமை இம்மண்ணின் கைவினைஞர்க்கே உரியது என்று சட்டம் ஒப்புக்கொண்டது.

ஆனால் சட்டம் பெயரைத்தான் காக்கும், கையைக் காக்காது. மரச்சிற்பம் ஏட்டில் கற்கும் கல்வியன்று. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த இடத்தில் உளியைச் சாய்க்க வேண்டும், எந்த இடத்தில் கொட்டாப்புளியை ஓங்காமல் கையழுத்தத்தால் மட்டும் சீவ வேண்டும் என்பனவெல்லாம் முப்பது நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் விரல்களுக்குள் இறங்கும் அறிவு. முகத்தில் கண்ணைத் திறப்பதை மூத்தவர் கையிலேயே விட்டுவிடுவது தச்சுப் பட்டறைகளின் வழக்கம். ஆகவே, எழுபது வயதுச் சிற்பி ஒருவர் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றால், ஒரு கல்லூரி பூட்டிக் கிடக்கிறது என்றே பொருள்.

அப்பட்டறையைப் பூட்டியவர்களில் நமக்கும் பங்குண்டு என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். ஒரு காலத்தில் நம் ஆலயங்களின் பாடுபட்ட சுரூபமும் சப்பரமும் வாசிப்பு மேடையும் மரத்தால் ஆயின. இன்றோ அச்சில் வார்த்த பைபர் சுரூபங்களைப் பட்டணத்துக் கடைகளிலிருந்து வாகனத்தில் ஏற்றிக் கொண்டுவருகிறோம். விலை மலிவு, விரைவில் கிடைக்கிறது, பளபளப்பாக இருக்கிறது என்பன நாம் சொல்லும் காரணங்கள். பத்துக் கல் தொலைவில் சுரூபம் செதுக்கத் தெரிந்த கை இருக்கிறதா என்று விசாரிக்கவும் நமக்குத் தோன்றுவதில்லை.

விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில், வீரமாமுனிவர் தமிழ்ப் பெண்ணைப் போல் சேலையுடுத்திய பெரியநாயகி அன்னையின் சுரூபத்தை நிறுவினார். அது மணிலா நகரில் செய்விக்கப்பட்டுக் கப்பலேறி வந்தது என்று வழிவழியாகச் சொல்லுவர். கடல் கடந்து வந்த அத்துறவி அன்னையை நம் மண்ணின் உருவில் காண விரும்பினார். நம் மண்ணிலேயே சிற்பிகள் இருக்க, நாமோ எந்த மண்ணுக்கும் உரியதல்லாத அச்சு உருவத்தைத் தேடிப் போகிறோம்.

முதுமையில் மலர்ந்தவர்கள்

"அவர் இளமை முதல் சிற்பி, அவருக்கு வரும். வாழ்நாள் முழுவதும் வயலில் உழைத்த எனக்கு இனி என்ன வரும்?" என்று கேட்போருக்கு இருவர் கதையைச் சொல்லலாம்.

மத்தியப் பிரதேசத்தின் உமரியா மாவட்டத்தில் லோட்டா என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் ஜோதையா பாய் பைகா. பைகா பழங்குடிப் பெண். கணவரை இழந்து, கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். பள்ளிக்குச் சென்றதில்லை. எழுபது வயதை நெருங்கும் காலத்தில், ஆசிஷ் சுவாமி என்னும் ஓவிய ஆசிரியரின் கூடத்தில் முதன்முதலாகத் தூரிகையைப் பிடித்தார். தம் காட்டின் மரங்களையும் விலங்குகளையும் தம் குலத்துக் கதைகளையும் வரைந்தார். அவருடைய ஓவியங்கள் இத்தாலியின் மிலான் நகர் வரை சென்றன. 2023-இல் குடியரசுத் தலைவர் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கினார். 2024 டிசம்பரில் அவர் மறைந்தபோது, அவர் வழியைப் பின்பற்றி வரையும் பைகா பெண்கள் பலர் அவ்வூரில் உருவாகியிருந்தனர்.

மற்றவர் அமெரிக்காவின் "மோசஸ் பாட்டி" எனப்படும் அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ். 1860-இல் பிறந்தவர், உழவர் குடும்பத்துத் தாய், பத்துப் பிள்ளைகளைப் பெற்று ஐவரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தவர். பூவேலைத் தையலில் விருப்பமுடைய அவருக்கு முடக்குவாதத்தால் ஊசி பிடிக்க முடியாமற்போகவே, எழுபத்தைந்து வயதுக்கு மேல் தூரிகையை எடுத்தார். 1938-இல் அவ்வூர் மருந்துக்கடைச் சன்னலில் மூன்று டாலர், ஐந்து டாலர் என்று விலையிட்டு வைத்திருந்த அவர் படங்களை, வழிப்போக்கராக வந்த கலை ரசிகர் ஒருவர் கண்டு எல்லாவற்றையும் வாங்கிச் சென்றார். 1940-இல் நியூயார்க் நகரில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தது. நூற்றொரு வயது வாழ்ந்து, 1961-இல் மறையும் முன் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்களை வரைந்தார்.

மகாகவி தாகூரும் தம் அறுபதுகளில்தான் ஓவியத்தில் முழு மனத்தோடு இறங்கினார். கையெழுத்துப் படிகளில் அடித்த சொற்களின் மேல் கோடுகளை இணைத்து உருவங்களாக்கும் விளையாட்டாகத் தொடங்கியது அது. 1930-இல், தம் அறுபத்தொன்பதாம் வயதில், பாரிஸ் நகரில் முதல் ஓவியக் கண்காட்சியை நடத்தினார்.

இவர்களெல்லாம் அரிய பிறவிகள் என்று தள்ளிவிட வேண்டாம். இவர்களிடம் பொதுவாக அமைந்த ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் தாம் வாழ்ந்த வாழ்க்கையையே வரைந்தனர். அனுபவம் என்னும் அம்மூலதனம் இருபது வயது மாணவனிடம் இல்லை. முதியோரிடம் நிறைந்து கிடக்கிறது.

கை தளர்ந்தால் கலை தளருமா?

முதுமை நோயையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கண் மங்கும், கை நடுங்கும், முதுகு வளையாது. ஆனால் கலைஞர்கள் இத்தளர்ச்சியோடு உடன்படிக்கை செய்துகொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள்.

பிரான்சு நாட்டு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1941-இல், எழுபத்தோராம் வயதில், கடுமையான வயிற்று அறுவைச் சிகிச்சைக்கு ஆளானார். அதன்பின் நெடுநேரம் நின்று வரைய இயலவில்லை. ஆகவே, உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களைப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தவாறே கத்தரிக்கோலால் வெட்டி, அவற்றை ஒட்டி ஓவியமாக்கினார். அந்நாட்களில் அவருக்குப் பணிவிடை செய்த இளம் செவிலிப் பெண் பின்னர் தொமினிக்கன் சபைக் கன்னியரானார். வான்ஸ் நகரில் அக்கன்னியருக்கு ஒரு சிற்றாலயம் தேவைப்பட்டபோது, மத்தீஸ் அதன் வண்ணக் கண்ணாடி சன்னல்கள், சுவரோவியங்கள், பீடம், குருக்களின் திருவுடை ஆகிய அனைத்தையும் தாமே வடிவமைத்துக் கொடுத்தார். நீண்ட மூங்கிற் கழியின் நுனியில் கரியைக் கட்டிச் சுவரோவியங்களுக்குக் கோடிட்டார். 1951 ஜூன் மாதம் ஆலயம் அபிஷேகம் பெற்றபோது, நோயினால் அவரால் வர இயலவில்லை. தம் வாழ்நாள் முழுவதும் செய்த பணியின் நிறைவாக அவர் கருதியது அச்சிற்றாலயத்தையே.

நம் நாட்டில் சாந்தி நிகேதனத்து ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜி ஐம்பது கடந்த வயதில் கண் சிகிச்சை பலிக்காமல் பார்வையை முற்றிலும் இழந்தார். அதன் பின்னும் தாள்களைத் தடவித் தடவி வெட்டி ஒட்டினார். களிமண்ணில் உருவம் பிடித்தார். 1972-இல் ஓட்டுச் சில்லுகளால் பெரிய சுவர்ச்சித்திரம் ஒன்றையும் அமைத்தார். தமிழ்ப் பத்திரிகை வாசகர்கள் மறக்கவியலாத ஓவியர் கோபுலு, வாத நோயால் வலக்கை செயலிழந்தபோது இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். 2015-இல் தொண்ணூறு வயது கடந்து மறைந்தார் அவர்.

மருத்துவ ஆராய்ச்சியும் இதற்குத் துணை நிற்கிறது. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் எண்பத்தைந்து வயது கடந்த 256 பேரை நான்கு ஆண்டுகளாகக் கவனித்து, 2015-இல் முடிவை வெளியிட்டனர். நடு வயதிலும் முதுமையிலும் ஓவியம், சிற்பம் முதலிய கலைகளில் ஈடுபட்டவர்களிடம் நினைவாற்றல் குறைபாடு மிகக் குறைவாகக் காணப்பட்டது. கலையே அதைத் தடுத்தது என்று இவ்வொரு ஆய்வைக்கொண்டு அறுதியிட முடியாது. நல்ல உடல்நிலை உடையவர்களே கலையில் ஈடுபட்டனர் என்றும் சொல்லலாம். ஆயினும், கையும் கண்ணும் மனமும் ஒருங்கே உழைப்பது நன்மையே தரும் என்று நம்புவதற்கு இடமுண்டு.

பொழுதுபோக்கா, தொழிலா?

இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். "பெரியவர் ஏதோ பொழுதுபோகச் செய்கிறார், காசெல்லாம் எதற்கு?" என்று குடும்பத்தாரும் சொல்வர், கேட்டு வாங்குவோரும் சொல்வர். இளைஞன் செய்தால் கூலி, முதியவர் செய்தால் பொழுதுபோக்கா? வேலை வேலைதான்.

சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் தோன்றிய சோழமண்டலக் கலைக் கிராமம் நமக்கு ஒரு பாடம். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர் தம் மாணவர்களோடு சேர்ந்து அதை நிறுவினார். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. ஆகவே, பாட்டிக் துணி, மண்பாண்டம், உலோக வேலை முதலிய கைவினைகளைச் செய்து விற்று வயிற்றைக் கழுவினர். எஞ்சிய நேரத்தில் தத்தம் கலையைச் செய்தனர். கூட்டாக நிலம் வாங்கி, ஆளுக்கொரு வீடும் பட்டறையும் கட்டிக்கொண்டனர். பணிக்கர் 1977-இல் மறைந்தார். அன்று இளைஞராய் வந்தவர்களில் பலர் அங்கேயே முதுமையடைந்து, அங்கேயே தொடர்ந்து வேலை செய்தனர். கூடி வாழ்ந்ததால் அவர்களுடைய முதுமை தனிமையாகவில்லை. கைவினையைத் தாழ்வென்று கருதாததால் வறுமையும் அவர்களை விரட்டவில்லை.

தொழிலாகக் கொள்ள விரும்பும் பெரியவர்களும் அவர்தம் பிள்ளைகளும் சில செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும்.

முதலாவது, விலை. ஒரு கணக்கைப் பாருங்கள்; எண்கள் எடுத்துக்காட்டுக்கே. ஒன்றரை அடிப் பாடுபட்ட சுரூபம் செதுக்கப் பன்னிரண்டு நாள் ஆகிறது. தச்சுக் கூலி நாளுக்கு 900 ரூபாய் என்றால் 10,800 ரூபாய். மரம் 1,500. உப்புத்தாள், மெருகு, உளி சாணை பிடித்தல் 500. ஆக, அடக்கமே 12,800 ரூபாய். கேட்டு வந்தவர் 6,000 கொடுக்க, பெரியவரும் தலையாட்டிப் பெற்றுக்கொள்கிறார். அவர் தம்மையறியாமலே 6,800 ரூபாயைத் தானம் செய்துவிட்டார். தானம் செய்ய விரும்பினால் அறிந்தே செய்யட்டும். அடக்கத்தை ஏட்டில் எழுதி, வந்தவருக்குக் காட்டி, அச்சாரம் பெற்ற பின்னரே மரத்தில் உளியை வைப்பது நலம்.

இரண்டாவது, பெயர். செய்த பொருளின் அடியிலோ பின்புறத்திலோ பெயரும் ஊரும் ஆண்டும் பொறித்தல் வேண்டும்; ஒரு புகைப்படமும் எடுத்துவைக்க வேண்டும். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் பொருந்தும். கலைஞர் வாழும் காலம் முழுவதும், அவர் மறைந்த பின் அறுபது ஆண்டுகளும் அவ்வுரிமை நிற்கும். சுரூபத்தை வாங்கியவர் அதிலிருந்து அச்செடுத்து நூறு படிகள் விற்பதற்கு உரிமை பெற்றவரல்லர்.

மூன்றாவது, பதிவு. புவிசார் குறியீட்டைத் தம் பொருளில் பயன்படுத்த விரும்பும் மரச்சிற்பி, அங்கீகாரம் பெற்ற பயனாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். இதன் நடைமுறை 2020-இல் எளிதாக்கப்பட்டது. கட்டணமும் பெரிதும் குறைக்கப்பட்டது. பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது. 1973-இல் தொடங்கிய பூம்புகார் நிறுவனம் கைவினைப் பொருள்களை விற்றுத் தருவதோடு, அறுபத்தைந்து வயது கடந்த தேர்ந்த கைவினைஞர்களுக்கென்றே "வாழும் கைவினைப் பொக்கிஷம்" என்னும் விருதை ஏற்படுத்தியிருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்புவது பெரியவருக்குக் கடினம். படித்த பேரப்பிள்ளைக்கு அரை மணி நேர வேலை.

உடலுக்கு ஏற்ற ஒழுங்கு

வயதான கண்ணுக்கு வெளிச்சம் மிகுதியாக வேண்டும். வலக்கையர் இடப்பக்கத்திலிருந்து பகல் ஒளி விழும்படி உட்காரட்டும். கண்புரை இருப்பின், "வயதானால் அப்படித்தான்" என்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஓவியர் மோனே எண்பத்திரண்டாம் வயதில் புரை நீக்கிக்கொண்டு, தம் பெரிய அல்லி ஓவியங்களைத் தொடர்ந்தார் என்பதை நினைவூட்டுங்கள்.

விரல் மூட்டு வலிப்போர் தூரிகைக்கும் உளிக்கும் துணி சுற்றிப் பிடியைப் பருமனாக்கிக்கொள்ளலாம். ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்காராமல், முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது நன்று. மழுங்கிய உளிதான் வழுக்கிக் கையை வெட்டும். கூரிய உளியே காவல். சாணை பிடிப்பதையும் மரம் அறுப்பதையும் இளையவர் செய்து கொடுக்கட்டும். மரத்தூள் நுரையீரலுக்குத் தீங்கு செய்வது. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். எண்ணெய் வர்ணத்தையும் டர்பன்டைனையும் காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும் கையாள வேண்டும். தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் ஆகாது. சிறிதும் பழக்கமில்லாதோர் கரித்துண்டு, வெள்ளைத்தாள், களிமண் ஆகியவற்றோடு தொடங்கினால் செலவுமில்லை, தீங்குமில்லை.

பெண்மணிகளை மறந்துவிடக் கூடாது. குமரி மாவட்டம் முளகுமூட்டில் 1897-இல் தோன்றிய கன்னியர் சபையினர் ஏழைப் பெண்களுக்குப் பின்னல் வேலை கற்பித்து வாழ்வளித்த வரலாறு நாம் அறிந்ததே. இன்றும் நம் பாட்டிமார் பலருக்குப் பீடத்துணிக்குச் சரிகை பின்னவும், நாற்பது புள்ளிக் கோலத்தை ஏட்டைப் பாராமல் இழுக்கவும் தெரியும். அதுவும் ஓவியக் கலையே. அவர்கள் பின்னிய துணிக்கும் விலையுண்டு, பெயருண்டு.

நாம் செய்ய வேண்டுவன

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கலைஞர்களுக்கு ஒரு மடல் எழுதினார். அதே ஆண்டு அக்டோபர் மாதம் முதியோருக்கு ஒரு மடல் எழுதினார். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது. இரு மடல்களையும் ஒருங்கே பெறத்தக்கவர்கள் நம் திண்ணைகளில் அமர்ந்திருக்கிறார்கள். சீராக் ஞானநூலின் முப்பத்தெட்டாம் அதிகாரம், இரவும் பகலும் உழைத்துத் தம் வேலையை நிறைவு செய்யும் செதுக்குவோரையும் கொல்லரையும் குயவரையும் நினைவுகூர்ந்து, அவர்களின்றி எந்நகரும் குடியிருப்பாகாது என்று போற்றுகிறது.

ஆகவே, குடும்பத்தாரே, உங்கள் வீட்டுப் பெரியவருக்கு வெளிச்சமுள்ள ஒரு மூலையையும் ஒரு பலகையையும் ஒதுக்கிக் கொடுங்கள். அவர் செய்வதைப் பார்த்து "அழகாயிருக்கிறது" என்று சொல்லிவிட்டு நகராமல், அருகில் அமர்ந்து எப்படிச் செய்கிறார் என்று கேளுங்கள். விடுமுறை நாட்களில் ஒரு பேரனாவது உளி பிடிக்கக் கற்றுக்கொள்ளட்டும்.

பங்குப் பேரவையினரே, வரும் திருநாளுக்குச் சப்பரத்தைப் புதுப்பிக்கவோ, கிறிஸ்து பிறப்புக் குடிலுக்குச் சுரூபங்கள் வாங்கவோ தீர்மானிக்கும் முன், நம் வட்டாரத்தில் மூத்த தச்சர், சிற்பி, ஓவியர் எவரெவர் உளர் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அவர் எந்தச் சமயத்தவராயினும் ஆகுக. அவரிடம் வேலையை ஒப்படைக்கும்போது, "கோயில் காரியந்தானே" என்று கூலியைக் குறைக்காதீர்கள். ஓர் இளைஞனையும் துணைக்கு அமர்த்தி அவனுக்கும் கூலி கொடுங்கள். சுரூபம் வந்து சேர ஆறு மாதம் ஆனாலும் ஆகட்டும். அதற்குள் இரண்டு கைகளுக்கு வேலை கிடைத்திருக்கும். ஒரு கையின் அறிவு மறு கைக்கு இறங்கியிருக்கும்.